சின்னவனின் எடைச்சீட்டு

வந்த அன்று ஓர் ஏத்தன் தார் எடை.
பதினொன்றே கால் கிலோ.
பேச்சிமுத்து தராசைத் தட்டிப் பார்த்துவிட்டு
"கழிவு போடணுமாக்கா?" என்றான்.
சீனியையும் ஏற்றிப் பார்த்தோம்: பதினெட்டு.
வக்கீல் ஏற மறுத்துவிட்டான்.
மண்டிச் சிட்டையின் பின்பக்கம்
வைகாசி தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.
வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்ததால்
புதியவனுக்குச் சின்னவன் என்று பெயர்.

சீனிக்குப் பதினோரு வயது. கன்னி நாய்.
ஒருகாலத்தில் களக்காட்டு வயல்வரப்பில்
முயலுக்கும் அவளுக்கும் நடுவே
காற்று நுழைய இடமிருக்காது.
இப்போது கண்ணில் மோர் கலங்கிய மாதிரி ஒரு படலம்.
வக்கீல் தெருவிலிருந்து தானாக வந்து சேர்ந்தவன்.
கட்சிக்காரர் இல்லாமலே வாதாடுவான்.
சின்னவன் நாகர்கோவிலில் வாங்கிய கிரேட் டேன்.

முதல் வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை.
சீனி கட்டிலுக்கடியில்.
வக்கீல் மோட்டார் அறைக் கூரையில்.
சின்னவன் முற்றத்து நடுவில்
தன் பாதங்களையே பார்த்தபடி.
பாதங்கள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டன.
உடம்பு அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தது.

"வேகமா வளர்த்துராதீங்க" என்றார் டாக்டர் மெர்லின்.
கால்சியம் மாத்திரை வேண்டாம்.
மாடிப்படி ஏறவே கூடாது.
"எலும்பு அதுபாட்டுக்கு வரட்டும்.
ஒன்றரை வருஷம் பொறுங்க."

நான் வாழைக்காரி.
காயைப் பூட்டி, மணி பார்த்து,
பழமாக்கித் திறக்கிறவள்.
பொறு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை.
மாடிப்படிக்குக் குறுக்கே
வாழைக்கு முட்டுக் கொடுக்கும் சவுக்குக் கம்புகளை
வைத்துக் கட்டினேன்.

ஒருநாள் சீனியின் வட்டிலில் தலையை விட்டான்.
ஓர் உறுமல்தான்.
அப்புறம் அவன் மூக்கில் ஒரு பொட்டு ரத்தம்.
விளக்குமாற்றை ஓங்கிவிட்டேன்,
யாரை அடிக்க என்று தெரியாமல்
வாசலைப் பெருக்கினேன்.
மறுநாளிலிருந்து
அவள் தின்று முடித்து நகரும் வரை
ஒரு முழம் தள்ளிக் குந்தியிருந்தான்,
பந்தியில் இடம் பார்ப்பவனைப் போல.
வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்:
"பெரியவங்கன்னா மரியாதை இருக்கு பாருங்க."

ஆடிச் சாரலில் இருபத்தாறு கிலோ.
தான் வளர்ந்த செய்தி
அவனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
இடி இடித்தால் கட்டிலுக்கடியில் தலையை நுழைத்து
முழுசும் ஒளிந்துவிட்டதாக நம்புவான்.
பயந்து எழும்பினால்
கட்டிலோடு நானும் எழும்புவேன்.
சீனி அந்தப் பக்கத்திலிருந்து
ஒரு பெருமூச்சு விடுவாள்.
கூரையில் வக்கீல்
இடிமேல் வழக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.

புரட்டாசியில் தராசுக்கு வர மாட்டேனென்றான்.
நாலு பேர் இழுத்தும் அசையவில்லை.
சீனி தானாக நடந்துபோய் ஏறி நின்றாள்.
பின்னாலேயே அவனும் ஏறினான்.
ஐம்பத்தாறு.
"இதில ஆருக்கு எவ்வளவுன்னு எழுத?" என்றான் பேச்சிமுத்து.
"சீனிக்குப் பதினெட்டு, கழிச்சுக்கோ" என்றேன்.
அவன் கழிக்கவில்லை. வியாபாரம் தெரிந்தவன்.
அவளைத் தூக்கித் தனியாக வைத்தான்.

பதினாலு.

சிட்டையைத் திருப்பிப் பார்த்தேன்.
வாரம் தவறாமல் சின்னவன் கணக்கு,
என் கையெழுத்தில், நிமிர்ந்து ஏறிக்கொண்டே போகிறது.
சீனிக்கு வைகாசியில் ஒரே ஒரு வரி.

அன்று ராத்திரி அடுப்படிப் படியில் உட்கார்ந்து
முதல்தடவையாக அவள் தின்பதைப் பார்த்தேன்.
நாலு வாய். அப்புறம் நின்றாள்.
ஒரு முழம் தள்ளி அவன் காத்திருந்தான்.
அவன் இருந்த திசைக்குத் தலையைத் திருப்பினாள்.
நகர்ந்துகொண்டாள்.
மீதிச் சோற்றில் அவன் வாய் வைத்தான்,
மரியாதையாக.

இப்போது அவளுக்குச் சரக்கறையில் வட்டில்.
கதவைச் சாத்தி, நான் உள்ளே.
மீன் முள்ளெடுத்துக் கையால் கொடுக்கிறேன்.
அஞ்சு வாய், சில நாள் ஆறு.
டாக்டர் ரத்தம் எடுத்துப் போயிருக்கிறார்.

வெளியே
சவுக்குக் கம்பின்மேல் தாடையை வைத்து
அவன் அழுகிறான்.
வட்டிலுக்கா அவளுக்கா, தெரியவில்லை.
கூரையிலிருந்து வக்கீல்
அவன் பக்கம் ஆஜராகிறான்.